கூடும் இல்லை, குஞ்சும் வளர்ப்பதில்லை: குடில்பறவை எதற்காகக் கட்டுகிறது?

கரிச்சான் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் வாழும் குடில்பறவைகளைப் பற்றி ஒரு கேள்வி. பவர்பேர்ட் (bowerbird) என்று தேடினால் காணொளிகள் நிறையக் கிடைக்கும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

தூக்கணாங்குருவி செய்வது எனக்குப் புரிகிறது. ஆண் பாதிக்கூடு பின்னித் தொங்கவிடும். பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்திருந்தால் அந்தக் கூட்டிலேயே முட்டை இடும். உழைத்ததற்குப் பலன் கண்ணெதிரே இருக்கிறது. குடில்பறவையின் குடிலிலோ யாரும் முட்டை இடுவதில்லை. ஆண் மாதக்கணக்கில் குச்சி நட்டு, பூவும் இறகும் கொண்டுவந்து அடுக்கி, வாடியதை எறிந்துவிட்டுப் புதிதாக வைத்து, அந்த இடத்தைக் காவல் காக்கிறது. இணைசேர்வது சில நொடிகள்தான். பிறகு பெண் போய்விடும். கூடு கட்டுவதும் அடைகாப்பதும் இரை தேடுவதும் பெண்ணின் பாடு.

அப்படியானால் அந்த அலங்காரத்தால் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள், அவசரம் இல்லை.

---

மலைமுகடு எழுதியது:

கரிச்சான், நான் பிரிஸ்பேன் பக்கம் வசிப்பதால் சாட்டின் குடில்பறவையைப் பார்க்க அடிக்கடி வாய்க்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தக் குடும்பத்தில் இருபதுக்கு மேல் இனங்கள் உண்டு, எல்லாமே குடில் கட்டுவதில்லை. கேட்பேர்ட் எனப்படும் பச்சை நிறப் பறவைகளும் இதே குடும்பம்தான். அவை ஜோடியாக வாழும், ஆணும் குஞ்சுக்கு இரை ஊட்டும், குடில் கட்டாது. குஞ்சு வளர்ப்பில் ஆண் கைகொடுக்காத இனங்களில்தான் குடில் இருக்கிறது. பெண் தனியாகவே குஞ்சுகளை வளர்த்துவிட முடிகிறது. எனவே ஆணிடமிருந்து அதற்கு வேண்டியது நல்ல வாரிசுக்கான மரபணு மட்டுமே. காவலுக்கோ உணவுக்கோ ஆணை நம்ப வேண்டாம் என்றால், யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற ஒரே முடிவில் பெண் தன் முழுக் கவனத்தையும் வைக்கலாம்.

எல்லோரும் ஆணின் பின்னால் கேமராவோடு போகிறோம். பெண்ணின் பின்னால் போய்ப் பார்த்தால்தான் குடில் எதற்கு என்று விளங்கும்.

சாட்டின் பறவையின் குடில் நிமிர்ந்து நிற்கும் குச்சிகளால் ஆன இரண்டு சுவர்கள். நடுவில் ஒரு பறவை நிற்கும் அளவுக்கு ஒரு சந்து. சந்து பெரும்பாலும் வடக்கு தெற்காக அமையும், வடக்கு வாசலில் அலங்காரப் பொருட்கள் பரப்பியிருக்கும். இனப்பெருக்கக் காலம் தொடங்கும்போது பெண்கள் பல குடில்களுக்குப் போகின்றன, அதுவும் சொந்தக்கார ஆண் இல்லாத நேரம் பார்த்து. உள்ளே நின்று பார்த்து, சுவரில் பூசியிருப்பதைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போகும். இரண்டாம் சுற்றில் ஆண் இருக்கும்போது வந்து ஆட்டத்தைப் பார்க்கும். அதன் பிறகு போய், சுமார் ஒரு வாரம் செலவழித்து எங்கோ ஒரு மரத்தில் கூட்டைக் கட்டும். கூடு தயாரான பின், முன்பு பார்த்தவற்றில் சிலவற்றுக்கு மட்டும் மறுபடி வந்து, பெரும்பாலும் ஒரே ஒரு ஆணோடு இணைசேரும்.

இது வெறும் யூகம் இல்லை. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு போர்ஜியாவும் மாணவர்களும் நியூ சவுத் வேல்ஸில் வாலபி கிரீக் என்ற இடத்தில் பல ஆண்டுகள் பறவைகளுக்கு வண்ண வளையம் மாட்டி, குடில்தோறும் தானியங்கிக் கேமரா வைத்துப் பதிவு செய்தது. எந்தப் பெண் எந்தக் குடிலுக்கு எப்போது போனது, எங்கே இணைசேர்ந்தது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. ஒரு பருவத்தில் சில ஆண்கள் இருபதுக்கும் மேற்பட்ட பெண்களோடு சேர, பல ஆண்களுக்கு ஒன்றுகூட அமையவில்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் ஆணை இந்தப் பாடு படுத்துகிறது.

---

சிறுபுள் எழுதியது:

அப்போ கூட்டுக்கும் குடிலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லையா அண்ணா? குஞ்சுகள் அப்பாவைப் பார்ப்பதே இல்லையா?

---

மலைமுகடு எழுதியது:

தொடர்பு இல்லை தம்பி. கூடு மரத்தின் மேலே, குச்சியால் ஆன ஆழமற்ற கிண்ணம் போல இருக்கும். முட்டை ஒன்று முதல் மூன்று வரை. அடைகாப்பது சுமார் மூன்று வாரம், அதெல்லாம் பெண் மட்டும். குஞ்சு வளர்ந்து இளம் ஆணான பின் யாராவது ஒரு பெரிய ஆணின் குடிலுக்குப் போய்ப் பார்க்கும். அது தன் தந்தையின் குடிலா என்று அதற்குத் தெரிய வழியில்லை.

---

திண்ணை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் காணொளிகளில் வர்ணனை கொடுப்பவர்கள் "கலைஞன்", "சிற்பி" என்கிறார்களே, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. சிலந்தி வலை பின்னுகிறது, தேனீ அறுகோணம் கட்டுகிறது. பிறவியிலேயே எழுதி வைத்தது. நீலத்தைக் கண்டால் எடு, வாசலில் வை என்ற ஒரு கட்டளை மூளையில் இருந்தால் போதும். அதற்கு மேல் அறிவு, ரசனை என்று ஏற்றிச் சொல்வது மனிதன் தன்னைப் பறவையில் பார்ப்பது.

---

மலைமுகடு எழுதியது:

திண்ணை ஐயா, சிலந்தியோடு வைத்துப் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிலந்திக்குப் பயிற்சி தேவையில்லை. சாட்டின் ஆண் பறவைக்குத் தேவைப்படுகிறது, அதுவும் வருடக்கணக்கில்.

ஆண் பறவை ஏழாவது வயதில்தான் அந்தப் பளபளக்கும் கருநீல நிறத்துக்கு வருகிறது. அதுவரை பார்வைக்குப் பெண்ணைப் போலவே பச்சை நிறம். அந்த வருடங்களில் அது பெரிய ஆண்களின் குடிலுக்குப் போய் ஆட்டத்தைப் பார்க்கிறது. தன் வயதுப் பறவைகளோடு சேர்ந்து பயிற்சிக் குடில் கட்டுகிறது. அந்தக் குடில்களைப் பார்த்தாலே தெரியும்: குச்சிகள் தாறுமாறாக நிற்கும், ஒரு சுவர் சாய்ந்திருக்கும், ஒருவர் வைத்ததை இன்னொருவர் பிடுங்கிப் போடுவார். வயது ஏற ஏறக் கட்டு திருந்துகிறது. கட்ட வேண்டும் என்ற உந்துதல் பிறவியில் வருவது, அதை மறுக்கவில்லை. நன்றாகக் கட்டுவது பழகி வருவது.

அப்புறம் அந்தப் பூச்சு. மரப்பட்டை, இலை போன்றவற்றை மென்று எச்சிலோடு குழைத்து உள்சுவரில் பூசும். சில ஆண்கள் நார்போன்ற பட்டைத் துண்டை அலகில் வைத்துக்கொண்டு பூசுவதையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஜேசன் கீகி என்ற ஆய்வாளர் வாலபி கிரீக்கில் செய்த சோதனை உங்கள் கேள்விக்கு நேரடியானது. சாட்டின் ஆணுக்குச் சிவப்பு ஆகவே ஆகாது. குடிலில் சிவப்புப் பொருள் வைத்தால் உடனே தூக்கிக்கொண்டு போய் எறியும். அவர் சிவப்புப் பொருட்களை வைத்து, அவற்றின் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்தார். மூடியை நகர்த்தினால்தான் சிவப்பை அகற்ற முடியும். சில ஆண்கள் விரைவில் வழி கண்டுபிடித்தன, சில முடியாமல் திணறின. விரைவில் தீர்த்த ஆண்களுக்கே அதிக இணை கிடைத்தது. 2009-இல் வெளிவந்தது. பெண் அந்தச் சோதனையைப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குடிலையும் ஆட்டத்தையும் பார்த்தே அது தேர்ந்தெடுத்த ஆண், வேறொரு புதிய சிக்கலிலும் கெட்டிக்காரனாக இருந்தது.

---

நெய்தல் எழுதியது:

நான் நாகர்கோவிலில் உயிரியல் ஆசிரியை. பாலியல் தேர்வு, அதாவது இணையைத் தேர்ந்தெடுப்பதால் பண்புகள் பரிணமிப்பது பற்றிய பாடம் நடத்தும்போது மயிலோடு நிறுத்திவிடாமல் இந்தப் பறவையையும் சொல்வது வழக்கம், அதனால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

கெயில் பாட்ரிசெல்லி என்ற ஆய்வாளர் சாட்டின் பெண்பறவையின் தோலைப் போர்த்திய ஒரு ரோபோவைச் செய்தார். அது குனியும், தலையைத் திருப்பும், இறகைச் சிலிர்க்கும். அதைக் குடிலுக்குள் வைத்து ஆண்களின் ஆட்டத்தைப் பதிவு செய்தார். இது ஏன் தேவைப்பட்டது என்றால், சாட்டின் ஆணின் ஆட்டம் பயங்கரமானது. இறகை உப்பி, கரகரவென்று சத்தமிட்டு, குறுக்கும் நெடுக்கும் ஓடும். இன்னொரு ஆணை மிரட்டும்போது செய்வதும் ஏறக்குறைய இதுதான். பெண்ணுக்கு வேகமான ஆட்டம் பிடிக்கும், ஆனால் திடுக்கிட்டால் பறந்துவிடும். பெண் மெல்லக் குனிவது, "தொடரலாம், எனக்குப் பயமில்லை" என்ற சைகை. அந்தக் குனிவைப் பார்த்து வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆடிய ஆண்களே நிஜப் பெண்களிடம் வெற்றி பெற்றன. 2002-இல் வந்த ஆய்வு. என் மாணவிகளிடம் இதைச் சொல்லும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். எதிரில் இருப்பவளின் சம்மதத்தைக் கவனிக்கத் தெரிந்த ஆணுக்குத்தான் வாய்ப்பு.

இரண்டாவது, எல்லாப் பெண்களும் ஒன்றையே பார்ப்பதில்லை. 2004-இல் அதே குழு சில குடில்களில் கூடுதலாக நீலப் பொருட்களை வைத்துப் பார்த்தது. முதல், இரண்டாம் பருவத்துப் பெண்கள் அந்தக் குடில்களின் பக்கம் சாய்ந்தன. மூத்த பெண்கள் நீலத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆட்டத்தின் வீரியத்தைப் பார்த்தன. இளம்பெண்ணுக்கு அந்த மிரட்டல் ஆட்டம் இன்னும் பயம் தருகிறது, அதனால் அலங்காரத்தை நம்புகிறது என்பது அவர்கள் விளக்கம். ஆக, ஆண் இரண்டு வகைப் பார்வையாளர்களுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

---

கரிச்சான் எழுதியது:

அக்கா, அந்தப் பயம் என்ற இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டுகிறது. குடிலின் சுவர் பெண்ணின் பாதுகாப்புக்காகவா?

---

மலைமுகடு எழுதியது:

ஆமாம், போர்ஜியா முன்வைத்த கருத்து அதுவே, எனக்கும் இதுதான் மிகவும் பிடித்த பகுதி.

சந்துக்குள் நிற்கும் பெண்ணை ஆண் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து பிடிக்க முடியாது. பின்பக்கம் சுற்றி வந்துதான் ஏற வேண்டும், அதற்குள் பெண் முன்வாசலால் பறந்துவிடலாம். கட்டாயப்படுத்த முடியாத ஓர் இடத்தை ஆண் தன் அலகால் கட்டி வைக்கிறது. அப்படிக் கட்டிய ஆணின் அருகில்தான் பெண் துணிந்து வந்து நிற்கிறது. புள்ளிக் குடில்பறவையில் இது இன்னும் தெளிவு. அதன் சுவர் மெல்லிய புல்தண்டுகளால் ஆனது, ஊடாகப் பார்க்கலாம். ஆண் வெளியே முரட்டுத்தனமாக ஆட, பெண் அந்தத் தட்டிக்குப் பின்னால் நின்று பார்க்கும். ஆய்வாளர்கள் ஒரு சுவரை எடுத்துவிட்டபோதும், மீதியிருந்த சுவர் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் இருக்கும்படியே ஆட்டம் நடந்தது.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதில் இருக்கிறது கரிச்சான். அருகில் நின்று, பயமில்லாமல், ஒரு ஆணை நிதானமாக எடைபோடும் வசதி பெண்ணுக்குக் கிடைக்கிறது. வேண்டாம் என்றால் விலகிப் போகும் வசதியும்.

---

திண்ணை எழுதியது:

சுவர் விளக்கம் நியாயமாகப் படுகிறது. அலங்காரத்தைப் பற்றி இன்னும் கேள்வி உண்டு. நீலம் எதற்கு? பாதுகாப்புக்கும் நீல பாட்டில் மூடிக்கும் சம்பந்தம் இல்லையே.

---

மலைமுகடு எழுதியது:

காட்டில் நீலம் அரிது. கிளி இறகு, சில பூ, சில பழம். அரிதானதைச் சேர்த்து வைத்திருப்பதே ஒரு தகுதிச் சான்று. ஆனால் சேர்ப்பதைவிடக் காப்பது கடினம். பக்கத்துக் குடில்காரன் திருடுவான். இறகுகளில் குறியிட்டு வைத்துப் பார்த்தபோது, ஒரு குடிலில் வைத்த இறகு வேறொரு குடிலில் கிடைத்தது. திருட்டோடு நிற்காமல், சொந்தக்காரன் இல்லாத நேரத்தில் குடிலையே பிரித்துப் போட்டுவிட்டுப் போவதும் உண்டு. எனவே ஒரு பெண் ஒழுங்கான சுவரையும் குவிந்த நீலத்தையும் பார்க்கிறது என்றால், இந்த ஆணை அக்கம்பக்கத்தில் யாராலும் அசைக்க முடியவில்லை என்ற செய்தி அதற்குக் கிடைத்துவிடுகிறது.

இப்போது நம் குப்பையும் அதில் சேர்ந்துவிட்டது: ஸ்ட்ரா, துணி கிளிப், பேனா மூடி. கிடைக்கிறதே என்று சிலர் இதை ரசிக்கிறார்கள். பாட்டில் மூடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் வளையம் பறவையின் தலையில் மாட்டிக்கொண்டால் அதனால் கழற்ற முடியாது. இங்கே வளையத்தை வெட்டிவிட்டுக் குப்பையில் போடச் சொல்கிறார்கள். தயவுசெய்து எல்லோரும் செய்யுங்கள், எந்த ஊரில் இருந்தாலும்.

---

பனங்காடை எழுதியது:

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அலங்காரம் என்றால் அதிகம் சேர்ப்பதே நல்லது என்று நினைக்க வேண்டாம். புள்ளிக் குடில்பறவைக்குப் பிடித்தது ஒருவகைப் பச்சைக் காய், சொலானம் எலிப்டிகம். நம் சுண்டைக்காய், கத்தரி, மணத்தக்காளியின் பேரினமேதான். குயின்ஸ்லாந்தின் டான்டன் தேசியப் பூங்காவில் ஜோவா மேடன் ஆராய்ந்தபோது, இந்தக் காய்களின் எண்ணிக்கையே ஒரு ஆணுக்குக் கிடைக்கும் இணைகளை நன்றாகக் காட்டிக்கொடுத்தது. சரி, இன்னும் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம் என்று கூடுதல் காய்களைக் கொடுத்தார். ஆண்கள் அவற்றை ஏற்கவில்லை. வலியக் கூட்டி வைத்த குடில்களை மற்ற ஆண்கள் வந்து அதிகமாக நாசம் செய்தன. தன்னால் காக்க முடிந்த அளவுக்கு மட்டுமே ஒவ்வொன்றும் காட்டிக்கொள்கிறது.

இதற்கு ஒரு தொடர்ச்சி 2012-இல் வந்தது. வாடிய காய்களை ஆண் குடிலுக்கு வெளியே எறிகிறது அல்லவா, அவற்றின் விதை முளைத்துக் குடிலைச் சுற்றிலும் அதே செடி அதிகமாக வளர்ந்திருந்தது. அங்கே காய்த்தவை மற்ற இடத்துக் காய்களைவிடப் பச்சையாகவும் இருந்தன. திட்டமிட்டு விதைக்கவில்லை, ஆனாலும் தன் அலங்காரத்துக்கான தோட்டத்தைப் பறவை உண்டாக்கிவிட்டது.

---

நெய்தல் எழுதியது:

பெரிய குடில்பறவையை யாரும் சொல்லவில்லையே. வட ஆஸ்திரேலியாவில் இருப்பது. சாம்பலும் வெள்ளையுமான கல், எலும்பு, நத்தை ஓடு பரப்பும். ஜான் எண்ட்லரும் குழுவினரும் 2010-இல் சொன்னது: வாசலுக்கு அருகில் சிறியவை, தள்ளிப் போகப்போகப் பெரியவை. உள்ளே நிற்கும் பெண்ணின் கண்ணுக்குத் தொலைவால் பெரியவை சிறுத்துத் தெரியும், முற்றம் முழுவதும் ஒரே சீரான பரப்பாகத் தோன்றும். அவர்கள் வரிசையைத் தலைகீழாக்கிப் பெரியவற்றை முன்னால் வைத்தார்கள். ஆண்கள் இரண்டு வாரத்துக்குள் பழையபடியே மாற்றி அடுக்கிவிட்டன. 2012-இல் லாரா கெல்லியும் எண்ட்லரும், இந்தத் தோற்றம் சீராக அமைந்த ஆண்களுக்கே அதிக இணை என்று காட்டினார்கள்.

---

திண்ணை எழுதியது:

அதிலும் பறவைக்குக் கண்ணளவுக் கணக்கு தெரியும் என்று சொல்லத் தேவையில்லை அல்லவா? சிறியதை அருகில் வை, பெரியதைத் தள்ளி வை. அவ்வளவு போதும்.

---

நெய்தல் எழுதியது:

போதும் ஐயா, அதை மறுக்க ஆதாரம் இல்லை. ஆனால் பார்ப்பது பெண். விதி எளிதோ கடினமோ, தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் கண் எதை ஏற்றதோ அதுவே ஆணின் கையில் பழக்கமாக நிற்கிறது. டார்வின் 1871-இல் பெண்பறவைகளுக்கு அழகைத் தேரும் ரசனை உண்டு என்று எழுதி, இந்தப் பறவைகளையும் சான்றாகக் காட்டினார். அவர் காலத்து இயற்கையியலாளர் வாலஸ் அதை ஏற்கவில்லை. நீங்கள் வாலஸ் பக்கம், நான் டார்வின் பக்கம்.

---

பனங்காடை எழுதியது:

திண்ணை ஐயா, "மூளையில் எழுதியது" என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகக் கடினமான சோதனை மேற்கு பப்புவாவின் வோகல்கோப் குடில்பறவை. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி மங்கலான பழுப்பு. கொண்டையோ பளபளப்போ கிடையாது. ஆனால் ஆர்ஃபாக் மலையில் அது கட்டுவது கூரை வேய்ந்த குடிசை. ஒரு இளமரத்தைச் சுற்றிக் குச்சி அடுக்கி, மேலே கூரை போட்டு, முன்னால் பாசி பரப்பி, அதில் பூ ஒரு குவியல், பழம் ஒரு குவியல், வண்டின் சிறகு ஒரு குவியல் என்று நிறம் பிரித்து வைக்கும். 1870-களில் இத்தாலியர் ஒடோவார்டோ பெக்காரி இதைக் கண்டு தோட்டக்காரப் பறவை என்று எழுதினார். மங்கலான இனம் பெரிதாகக் கட்டும், பளிச்சென்ற இனம் சிறிதாகக் கட்டும் என்று 1956-இல் தாமஸ் கில்லியார்டு சொன்னதற்கும் இது பொருந்துகிறது. கறுப்பும் பொன்னுமாக மின்னும் ரீஜண்ட் குடில்பறவையின் குடில் மிகச் சிறியது.

இதே இனம் ஃபக்ஃபக், குமாவா மலைகளில் கூரையே போடுவதில்லை. உயரமான குச்சிக் கோபுரம், நத்தை ஓடு, கல் போன்ற மங்கல் பொருட்கள் மட்டும். ஜாரெட் டயமண்ட் ஏழு நிறத்தில் சூதாட்டச் சில்லுகளை வைத்துப் பார்த்தார், 1986-இல் வெளியிட்டார். இதே இனத்தின் வந்தாமன் மலைப் பறவைகள் நிறச் சில்லுகளை எடுத்து நிறவாரியாக அடுக்கின, ஒன்றிடமிருந்து ஒன்று திருடின. குமாவா பறவைகளுக்கு நிறமே வேண்டாம். ஒரே மலையிலும் ஆளுக்கு ஆள் விருப்பம் மாறியது. பின்பு ஆல்பர்ட் யூயியும் போர்ஜியாவும் ஆர்ஃபாக், ஃபக்ஃபக் பறவைகளின் மரபணுவை ஒப்பிட்டபோது வேறுபாடு மிகக் குறைவு என்றே வந்தது. உடல் ஏறக்குறைய ஒன்று, கட்டும் பாணி மட்டும் முழுக்க வேறு.

---

திண்ணை எழுதியது:

இது கனமான வாதம். பாணி பழகி வருவதா, சிறு மரபணு மாற்றத்தால் வருவதா என்பதை, ஒரு மலையின் குஞ்சை இன்னொரு மலையில் வளர்த்துப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். அதுவரை நான் பாதித் தூரம் உங்களோடு வருகிறேன். தொடர்ந்து எழுதுங்கள், நல்ல இழை.

---

சிறுபுள் எழுதியது:

அண்ணா, என் சித்தி குடும்பம் பிரிஸ்பேனில் இருக்கிறது. நவம்பரில் போகிறோம். எங்கே பார்க்கலாம்?

---

மலைமுகடு எழுதியது:

சரியான மாதம் தம்பி. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஆட்டம் நடக்கும். பிரிஸ்பேனிலிருந்து தெற்கே லாமிங்டன் தேசியப் பூங்காவுக்குப் போனால் சாட்டின், ரீஜண்ட் இரண்டையும் பார்க்கலாம். வடக்கே டவுன்ஸ்வில் வரை போக முடிந்தால் பெரிய குடில்பறவை ஊருக்குள்ளேயே, தோட்டப் புதர்களின் அடியில் கட்டியிருக்கும். பொன்னிறக் குடில்பறவை வேண்டும் என்றால் ஆதர்ட்டன் மேட்டுநிலத்தின் உயரமான மழைக்காடுகளுக்குப் போக வேண்டும், அதற்கு உள்ளூர் வழிகாட்டி ஒருவர் இல்லாமல் சிரமம்.

குடிலைக் கண்டால் தள்ளி நின்று அசையாமல் இரு, ஆண் தானாகத் திரும்பி வரும். எந்தப் பொருளையும் தொடாதே. ஆசைக்கு ஒரு நீல மூடியை வைத்துவிட்டு வராதே, பனங்காடை சொன்ன காய் விஷயம் நினைவில் இருக்கட்டும். ஆண் இல்லாத நேரத்தில் பச்சை நிறப் பறவை ஒன்று உள்ளே வந்து நின்றால் கேமராவை அதன் பக்கம் திருப்பு. அது பயிற்சிக்கு வந்த இளம் ஆணாகவும் இருக்கலாம், எடைபோட வந்த பெண்ணாகவும் இருக்கலாம். படத்தை இங்கே போட்டால் அலகின் நிறத்தையும் தொண்டைக் கோடுகளையும் வைத்துச் சேர்ந்தே பார்ப்போம்.